நடுவில் குழியாத ரொட்டி

ரொட்டி மெஷினோடு வரும் புத்தகத்தை நம்பிச் சுடக் கூடாது ஐயா. அதிலிருக்கும் அளவெல்லாம் வேறு ஊர் மாவுக்கு எழுதியது. பெங்களூரில் இருக்கும் என் மகள் எலைன் வாங்கித் தந்த மெஷினோ சின்னது. புத்தகத்து அளவைப் போட்டால் மாவு பொங்கி மூடியில் ஒட்டிக்கொள்ளும். மாவைப் பாதியாக்கினேன், ஈஸ்டை அதற்கும் கீழே குறைத்தேன். அப்படியும் நடுவில் குழி விழுந்தது.

என் கணவர் நோயல் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் இறங்கி, ஆண்டர்சன்பேட்டை வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். மூச்சுக்குத்தான் பஞ்சம், கிண்டலுக்கு இல்லை.

"இன்னாடி ஜெயமேரி, சைனைடு மேடு மாட்டம் நடுவுல இடிஞ்சி கீது?" என்பார். சுரங்கக் கழிவு மண் மேட்டைச் சொல்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் ரொட்டியைக் காட்டிச் சிரிப்பார். எனக்கு அது வலித்தது. அவரிடம் சொன்னதில்லை.

எங்கள் இன்வெர்ட்டர் ஒரு மெஷினைத்தான் தாங்கும். கரண்ட் போனால் அது அப்பாவுக்கு மட்டும் என்று எலைன் சொல்லியிருந்தாள். ஆனால் ரொட்டி மெஷினுக்கு ஞாபகசக்தி சில நிமிஷம்தான். அதற்கு மேல் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடங்காது, மாவு பாழ். அதனால் சில தடவை கொஞ்ச நேரத்துக்கு அவர் பிளக்கைக் கழற்றியிருக்கிறேன். கொஞ்சம் இரைக்கும், அப்புறம் சரியாகிவிடும். குளிக்கும்போது கழற்றுவதில்லையா?

அன்று சனிக்கிழமை மத்தியானம். மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரொட்டி முதல் தடவையாகக் குழியாமல் நிமிர்ந்து வெந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டரிலிருந்து அவர் பிளக்கைப் பிடுங்கி ரொட்டி மெஷினுடையதைச் சொருகினேன்.

உள்ளறையில் அவர் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டினார். சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஆள் ஏறியதும் மேலே இழுக்கச் சொல்லி மணி அடிப்பார்களே, அதே கணக்கில். பேச மூச்சில்லாதபோது என்னைக் கூப்பிட அவர் வைத்திருந்த வழி அது.

"கொஞ்சம் பொறுங்க, ரொட்டி வெந்துனு கீது" என்றேன்.

மறுபடி தட்டினார். பிறகு நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கரண்ட் திரும்பி வந்தது எனக்குத் தெரியும். ஃபேன் சுற்றியது. அதற்குள் ரொட்டியும் வெந்திருந்தது. ஆனால் சூட்டோடு வெட்டினால் ரொட்டி நசுங்கிவிடும். ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பிளக் தரையில், என் காலடியில்தான் கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாதியில் போனார் என்றார்கள். எலைன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது மெஷினைப் போட்டால் உள்ளே மாவு பிசையும் துடுப்பு அந்த மணிக் கணக்கில் தட்டுகிறது. பிளக்கை எடுத்த பிறகும் நிற்பதில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

கொன்றது நான்தான் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் துண்டை வெண்ணெய் தடவி அவருக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.