பங்ச்சுவல்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கம்பெனி இன்டர்வியூ முடித்துவிட்டு வருகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உன்கிட்ட என்ன நல்ல குணம் இருக்குன்னு கேட்டாங்கடி. இங்கிலீஷ்ல சொல்லணுமாம்."

"என்ன சொன்ன?"

"பங்ச்சுவல்னு சொன்னேன்."

"ஒரு மணி நேரம் லேட்டா போயிட்டு, அப்படியா சொன்ன?"

"மனப்பாடம் பண்ணதுல மத்ததெல்லாம் உள்ள போனதும் மறந்துபோச்சு. சார் கடிகாரத்தப் பாத்தாரு. நான் அவரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"சிரிச்சுட்டு, கான்ஃபிடன்ட்டுன்னு எழுதிக்கிட்டாரு. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

தோழிக்கு அவளைவிடச் சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"எத்தன மணிக்கு வரச் சொன்னாரு?"



"அதக் கேக்கலயேடி."