கோஞ்சா போன வழியில் குன்ஸெஸ் அங்மோ

லே நகரக் கடைத்தெருவின் வெண்சிகரம் பயண அலுவலகத்தில், வருவோர் போவோர் விடுமுறைகளையெல்லாம் முப்பது ஆண்டுக்கும் மேலாக வகுத்தளித்து, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய குன்ஸெஸ் அங்மோ அவர்களுக்கு, எங்கள் அனைவருக்கும் மூத்த அக்காவாகிய அச்சேலே அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளம் உருகியும் குரல் உயர்த்தியும் வாசித்தளிக்கும் மடல்.

மலைகளை மடித்து மேசைமேல் வைத்த மாதரசியே!

கடற்கரையிலிருந்து கனவோடு வந்தவர்களைக் கணவாய் கணவாயாகக் கரையேற்றியவர் தாங்கள். எந்த மடத்தில் எந்த நாளில் முகமூடி நடனம், எந்த ஏரிக்கரையில் எந்த மாதம் கூடாரம் பறக்கும், எந்தப் பாலத்தை எந்தப் பிற்பகல் பனிநீர் விழுங்கும் என்பதெல்லாம் தங்கள் நாநுனியில் நடமாடின. கர்துங் லா கணவாயே தங்களைக் கேட்டுத்தான் பனிக்கதவு திறந்தது என்றால் மிகை என்பார்கள். நான் சொல்கிறேன், மறுப்பவர் கை தூக்கட்டும். (இதை எழுதும் லுண்டுப் ஆகிய நான் சென்ற ஆண்டே ஓய்வு பெற்றவன். காலையெல்லாம் வெயில் காய்வது, மாலையெல்லாம் வெண்ணெய்த் தேநீர் குடிப்பது என்று மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தவனை இழுத்துவந்து எழுத வைத்திருக்கிறார்கள்.)

ஓய்வையே உத்தரவாக்கிய உத்தமியே!

விமானம் விட்டிறங்கியதும் ஏரிக்கு ஓடத் துடித்த எத்தனை பேரை மூச்சு மலையுயரத்துக்குப் பழகட்டுமென்று முதல் இரண்டு நாள் கட்டிலில் கிடத்தினீர்கள்! நான் யார் தெரியுமா என்று குரல் உயர்த்திய தில்லித் தொழிலதிபரிடம் தாங்கள் மொழிந்தது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது: "எனக்குத் தெரியும் சார். உங்க நுரையீரலுக்குத் தெரியாதே. படுங்க." படுத்தார். தெளிந்து எழுந்தவர் தங்கள் காலில் விழ வந்தார். குனிந்தால் தலை சுற்றும் என்று அதையும் தடுத்தாட்கொண்டீர்கள்.

இத்தனை பேருக்கு விடுமுறை வகுத்த தாங்கள் தங்களுக்கென விரும்பியது ஒன்றே ஒன்று: ஸன்ஸ்கார்ப் பள்ளத்தாக்கில், பதும் ஊரில் வாழும் தங்கை லாசோம் வீட்டில் சில நாள் சும்மா இருப்பது. முழங்கால் வலிக்காரராகிய அவரால் கணவாய் தாண்டி வர இயலாது. தாங்கள்தான் போயாக வேண்டும். ஆண்டுதோறும் சோதிடர் நாள் குறித்தார். ஆண்டுதோறும் அந்த நாள் வருகையாளர் வெள்ளத்தில் மூழ்கிப்போனது. நல்ல நாளில் கிளம்ப முடியாதவர் தம் உடுப்பை ஊர் எல்லை வீட்டுக்கு அனுப்பி வைத்தாலே பயணம் தொடங்கியதாகும் அல்லவா? அந்த வழக்கப்படி தங்கள் கம்பளி அங்கியாகிய கோஞ்சா ஒவ்வொரு கோடையிலும் வழியனுப்பு வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு எல்லை வீட்டுக்குப் போகும். பனி விழுந்ததும் வீடு திரும்பும். உடுத்தியவரைவிட உடுப்பு நன்றாக இளைப்பாறியது.

இவ்வாண்டுதான் வரலாறு நிமிர்ந்தது. எல்லை வீட்டின் முன் வண்டியை நிறுத்திய நம் ஓட்டுநர் ஸ்டோப்தானிடம், கோஞ்சாவைக் காட்டி, அது பதும் போகிற மூட்டை என்று வீட்டார் சொல்ல, யாரோ விருந்தினர் விட்டுப்போன உடைமை என்றெண்ணி அவர் கூரையில் ஏற்றிக் கட்டி, பதும்வரை கொண்டுபோய், தங்கள் தங்கை கையிலேயே ஒப்படைத்துவிட்டார். லாசோம் அம்மையார் அதை விருந்தினர் இருக்கையில் சாய்த்து வைத்துத் தேநீரும் ஊற்றினாராம். திருப்பித் தரச் சொல்லித் தாங்கள் கேட்டதற்கு அவர் சொல்லியனுப்பினார்: "அக்காவோட கோஞ்சா வந்துடுச்சு. ரொம்ப நல்ல மாதிரி, வாயே திறக்கல. உள்ள இருக்க வேண்டிய ஆளு நேர்ல வந்து போட்டுக்கிட்டுப் போகட்டும்."

சினந்தெழுந்து சோதிடரிடம் சென்றீர்கள், அடுத்த ஆண்டுக்கு நாள் கேட்டு. அவர் ஏட்டைப் பார்த்தார், தங்களைப் பார்த்தார், ஏட்டை மூடினார். "இனிமே நாள் பார்க்க எனக்கு வழியில்ல அச்சேலே. உடுப்பு போய்ச் சேர்ந்தாச்சு. அப்போ நீங்களும் எப்பவோ கிளம்பியாச்சு. நடுவழியில நின்னு என்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க."

தாங்கள் நேரே அலுவலகம் வந்து முதன்முறையாக விடுப்பு எழுதிய அந்தக் காட்சியைக் காணச் சிந்து நதியே சற்று நின்றுதான் போனது.

பிறகென்ன? தங்கள் விடுமுறையை நாங்கள் வகுத்தோம். தாங்கள் வரிக்கு வரி பிழை கண்டீர்கள். ரங்துமில் போர்வை போதாது என்றீர்கள், கார்கிலில் சாப்பாட்டு நேரம் தப்பு என்றீர்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி அந்தக் கார்கிலை அடைந்தபோதுதான் தங்கள் கைப்பேசி அலறியது. லேயில் தங்கியிருந்த விருந்தினர் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. ஆண்டுக்கணக்காகத் தங்களைக் கட்டிப்போட்ட அதே கயிறு! வண்டியைத் திருப்பு என்றீர்கள். ஸ்டோப்தான் முகம் மாறாமல் பதில் சொன்னார்: "ஸ்டியரிங் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது அச்சேலே. இவ்ளோ வருஷமா அந்தப் பக்கமே திரும்பித் தேஞ்சு போச்சு."

வண்டியில் இருந்தவர் எவரும் சிரிக்கவில்லை. தங்கள் முகத்தையே பார்த்திருந்தோம். தாங்கள் சாலையோரம் இறங்கி நின்று மருத்துவரை அழைத்தீர்கள். உயிர்வளி உருளைக்கு ஏற்பாடு செய்தீர்கள். விடுதிக்கார அம்மையாரை நோயாளியின் பக்கத்தைவிட்டு அசையாதிருக்கப் பணித்தீர்கள். காத்திருந்தோம். தேநீர்க்கடைக்காரர் எங்களால் அன்று மாளிகை கட்டியிருப்பார். கடைசியில் அந்த விருந்தினரே அழைத்தார்; தலைவலி விட்டது, பசிக்கிறது என்றார். தாங்கள் வண்டியேறினீர்கள், முன் இருக்கையில், பதும் பக்கம் முகம் வைத்து!

வென்றீர்கள் அச்சேலே! பென்சி லா கணவாய் உச்சியில் வழிபாட்டுக் கொடிகள் படபடக்க, கைப்பேசி சிக்னலின் கடைசிக் கோட்டையும் இழந்து வாய்மூட, அங்கே தாங்கள் எழுப்பிய வெற்றிக் குரலில் எதிர்மலைப் பனியாறு ஒரு முழம் பின்வாங்கியதை என் இரு கண்ணால் கண்டேன்.

ஆகவே இம்மடல் அலுவலக மாடியில் வாசிக்கப்படவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, பதுமில், லாசோம் அம்மையார் வீட்டு முற்றத்தில், அக்காளும் தங்கையும் ஒரே கம்பளத்தில் ஒட்டி அமர்ந்திருக்க வாசிக்கிறோம்.

தங்கள் மூச்சு மலைக்காற்றாய் நீள்க! முழங்கால் இரண்டும் பாறையாய் நிற்க! நூறு கோடை கண்டு, நூறிலும் விடுமுறை கொள்க!

நாங்கள் தந்த பயணத் திட்டத்தில் திரும்பும் நாள் எழுதும் இடம் வெறுமையாக இருப்பதைத் தாங்கள் நேற்றே சுட்டிக்காட்டினீர்கள். நிரப்புவதற்காகத் தங்கை அவர்களைக் கேட்டோம். அவர் தேநீரை ஊற்றியபடியே சொன்னார்: "பனி விழட்டும். பாதை மூடட்டும். அப்புறம் நிதானமா பேசிக்கலாம்."

ஜூலே, வணக்கம்!

இங்ஙனம்,
நாளை தாங்கள் இல்லாமல் லே திரும்பவிருக்கும்
வெண்சிகரம் பயண அலுவலகப் பணியாளர்கள்
பதும், ஸன்ஸ்கார்