தலைவருக்குக் கிடைக்காத ஐஸ் பெட்டி

நாகமலை புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் காது கொடுத்தேன்.

"எங்க சேவைச் சங்கத் தலைவரோட அம்மா இறந்தப்ப, சங்கத்து ஐஸ் பெட்டி அவருக்கே கிடைக்கலண்ணே."

"சாவு வீட்டுக்கு ஓசியா குடுப்பீகளே, அதுவா?"

"ஆமா. திருவாதவூர்ல ஒரு வீட்ல இருந்துச்சு. வாடகைப் பெட்டியும் எங்கயும் சிக்கல. போய் எடுத்துட்டு வாரேன்னேன், வேண்டாம்னுட்டாரு. அந்த வீட்டுப் பையன் துபாய்ல இருந்து வரணுமாம்."

"இவருக்கும் ஒரு தங்கச்சி உண்டுல்ல, அது வரலையா?"

"அதுவும் வெளிநாட்லதான், சிங்கப்பூர்ல. வெயில் தாங்காதுன்னு சாயங்காலமே அம்மாவ எடுத்துட்டாரு. தங்கச்சி போன்ல பாத்துத்தான் அழுதுச்சு."

"ஆத்தாடி!"

"இந்த வாரக் கூட்டத்துக்கு மொட்டைத் தலையோட வந்து, எப்பவும் போல மணி அடிச்சு ஆரம்பிச்சாரு. மொத வார்த்தையே எங்கிட்டதான் கேட்டாரு: 'திருவாதவூர்ப் பையன் அவன் அம்மா முகத்தப் பாத்துட்டானாப்பா?'"