பிடித்துத் தைத்த சட்டை

— ஊசியக் கீழ வைங்கப்பா.

— ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டிட்டா முடிஞ்சுது பாப்பா. நீ அந்த ஸ்டூல்ல உட்காரு.

— வைங்கன்னு சொல்றேன்ல. அம்மா சட்டைய மறுபடியும் உள்ள பிடிச்சு இறுக்குறீங்களா? இன்னிக்குமா?

— பிடிக்காம என்ன பண்ணச் சொல்ற? நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்புறாங்க. இருபது நாள் படுத்துக் கிடந்தவ. இத அப்படியே மாட்டிவிட்டா, கொடியில காயப்போட்டது மாதிரி தொங்கும். தெருமுனையிலேருந்து நம்ம வீடு வரைக்கும் பதினோரு வாசல் இருக்கு. தையக்காரன் பொண்டாட்டி தொளதொளன்னு போறா பாருன்னு ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்ப்பா.

— பார்க்கட்டுமே.

— உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. இருபத்தாறு வருஷமா அவ உடுப்புல ஒரு சுருக்கம் விழ விட்டதில்ல நான்.

— அதான்பா வினையே.

— என்ன வினை?

— அம்மா கரைஞ்சுக்கிட்டே வந்தாங்க, நீங்க பிடிச்சுக்கிட்டே வந்தீங்க. சட்டை எப்பவும் கச்சிதமா இருந்துச்சு. அப்புறம் யார் கண்ணுக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்குத் தெரியல. சித்திக்குத் தெரியல. கையில பாத்திரத்தோட சமையக்கட்டுல விழுந்தாங்களே, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் ஒருத்தியா தூக்கினேன்பா. எனக்கு மூச்சுகூட வாங்கல. பெத்த தாயத் தூக்கினா மூச்சு வாங்க வேணாமா?

— அவங்க குடும்பமே ஒல்லி உடம்பு.

— உங்க கல்யாண போட்டோ வீட்டுல மாட்டித்தான் இருக்கு. நானும் தினமும் பார்க்கிறேன்.

— சரி, சண்டைக்குன்னே வந்திருக்க. முதல்ல அந்தப் பொட்டலத்தப் பிரி. உனக்குன்னு பன் வாங்கி வெச்சிருக்கேன். ஃபிளாஸ்க்ல டீ இருக்கு.

— வேணாம். ஆபீஸ்ல சாப்பிட்டுத்தான் கிளம்பினேன். பேச்ச மாத்தாதீங்க. அன்னிக்கு டாக்டரம்மா முதல்ல என்ன கேட்டாங்க, ஞாபகம் இருக்கா?

— ஆயிரம் கேட்டாங்க. அந்தப் பதட்டத்துல எது ஞாபகம் இருக்கும்?

— எனக்கு இருக்கு. "காலையில வழக்கமா என்ன சாப்பிடுவாங்க"ன்னு கேட்டாங்க. நீங்க என் மூஞ்சியப் பார்த்தீங்க, நான் உங்க மூஞ்சியப் பார்த்தேன். நம்ம வீட்டுப் பூனை என்ன தின்னும்னு கேட்டிருந்தா ரெண்டு பேரும் போட்டி போட்டுச் சொல்லியிருப்போம்.

— அவ எல்லாருக்கும் போட்டுட்டு அப்புறமா சாப்பிடுறவ. ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே?

— அதுக்குள்ளதான் அவங்க ஒளிஞ்சுக்கிட்டாங்க. கடைசியா சாப்பிடுற பொம்பளைய யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டாங்கல்ல? நாம கை கழுவிட்டுப் போயிடுவோம். அதுக்குப் பாசம்னு ஒரு பேரும் வெச்சுக்கிட்டோம். கேக்கிறேன், அம்மா சாப்பிட்டு நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? கண்ணால?

— இதென்ன கேள்வி.

— யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.

— நீ பிறக்கிறதுக்கு முன்னாடி. சினிமா விட்டு வரும்போது நல்ல மழை. ஒரு கடையில ஒதுங்கினோம். கையில இருந்ததுக்கு ஒரு தட்டுதான் வாங்க முடிஞ்சுது. பாதிக்கு மேல அவதான் சாப்பிட்டா. எனக்கு வைக்கணும்னே தோணல அவளுக்கு. வாயெல்லாம் எண்ணெய்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பார்த்துக்கிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு.

— இருபத்தஞ்சு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் தேறுது.

— குத்திக் குத்திப் பேசாத பாப்பா. எனக்கு இது நிஜமாவே புரிய மாட்டேங்குது. பசிச்சா சாப்பிட மாட்டாளா? வீட்டுல இல்லாததா? மனசுல திடம் இல்ல, அதான் விஷயம். வந்ததும் ரெண்டு அதட்டு போட்டா சரியாப் போகும்.

— திடம் இல்லையா? அவங்களுக்கு இருக்கிற திடத்துல கால்வாசி உங்களுக்குக் கிடையாது. பசிக்காம இல்லப்பா. நல்லா பசிக்கும். அந்தப் பசிய அடக்குறதுலதான் கெட்டிக்காரத்தனமே இருக்கு. எந்த வீட்டுக்குக் குடி போறதுன்னு நீங்க முடிவு பண்ணீங்க. நான் என்ன படிக்கணும், எங்க வேலைக்குப் போகணும், எல்லாம் நீங்க. வாய மூடி வெச்சிருக்கிறது ஒண்ணுதான் அவங்க இஷ்டம். ஒரு வேளை தாண்டிட்டா ஜெயிச்ச மாதிரி இருக்கும். இன்னிக்கு நான் தோத்துப் போகலன்னு ஒரு நிம்மதி. மறுநாளைக்கு அந்த நிம்மதி பத்தாது, இன்னும் கொஞ்சம் குறைக்கணும். யாராவது வந்து சாப்பிடுன்னு சொன்னா, நம்மகிட்ட இருக்கிற ஒரே பொருளையும் பிடுங்க வர்றாங்கன்னு தோணும். கண்ணாடியப் பார்த்தா எலும்பு தெரியாதுப்பா. சதைதான் தெரியும். நீங்க எத்தன சத்தியம் பண்ணாலும் சதைதான் தெரியும்.

— இதெல்லாம் டாக்டரம்மா எப்போ சொன்னாங்க? நானும் பக்கத்துலதானே நின்னேன்?

— சொல்லல. படிச்சேன்.

— எங்க படிச்ச?

— எங்கேயோ படிச்சேன். விடுங்க. எப்போ ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சித்தி கல்யாணத்தன்னிக்கு.

— அத எதுக்கு இப்போ இழுக்குற?

— எனக்கு ஒன்பது வயசு. அம்மா அந்தப் பச்சைச் சட்டைய எடுத்துப் போட்டாங்க, இறுக்கத்துல பொத்தான் எட்டல. அப்படியே மேல துண்டப் போர்த்திக்கிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்தாங்க. நீங்க எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க?

— அது தமாஷுக்கு.

— அந்தத் தமாஷத்தான் சொல்லுங்க. நானும் சிரிக்கிறேன்.

— இனிமே இவளுக்கு ஜன்னல் திரைத் துணியிலதான் தைக்கணும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அவதான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்சா பாப்பா, சத்தியமா.

— சிரிச்சுக்கிட்டே தட்டத் தள்ளி வெச்சாங்க. நான் பக்கத்து நாற்காலியில இருந்தேன்.

— ஒரு பேச்சுக்கா? ஒரு பேச்சுக்கு ஒருத்தி பதினாலு வருஷம் வயித்தக் காயப்போடுவாளா? அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க, ஒரு வார்த்தையால வர்ற நோய் இல்ல இது, யார் மேலயும் பழி போட்டுக்காதீங்கன்னு. எல்லாத்தையும் படிச்சவ இத மட்டும் படிக்கலையா?

— படிச்சேன். விதை வேற எங்கேயாவது இருந்திருக்கும். தண்ணி ஊத்தினது நாம.

— நாமன்னு யாரச் சேர்க்கிற?

— என்னையும்தான். பதினாலு வயசுல ஒரு நாள் பார்த்தேன். தட்டுல இருந்தத அப்படியே பூனைக்கு வெச்சுட்டு இருந்தாங்க. என்னப் பார்த்ததும் கண்ணடிச்சாங்க. "அப்பாகிட்ட சொல்லிடாத"ன்னாங்க. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சுப்பா. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம்னு. இந்தப் பூனை ஏன் இப்படிக் கொழுக்குதுன்னு நீங்க கேப்பீங்களே, எலி நிறைய பிடிக்குதுன்னு சொன்னதே நான்தான்.

— நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன தெரியும்?

— உங்களுக்குத் தெரியுமே. டிராயர்ல இருந்த அளவு நோட்டப் பார்த்தேன். வாடிக்கைக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். அம்மாவுக்கு மூணு பக்கம். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கீங்க. கால் இஞ்சு, அரை இஞ்சு, கால் இஞ்சு. ஒரு தடவையாவது உங்க பேனா நின்னிருக்கக் கூடாதா? எழுத்துகூட கோணல.

— என் சாமானத் தொடாதேன்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்?

— பதில் அதுவா?

— தெரிஞ்சுது.

— என்ன சொன்னீங்க?

— தெரிஞ்சுது பாப்பா. டேப்பச் சுத்தும்போதே தெரிஞ்சுது. முதுகெலும்பு விரல்ல இடிச்சுது. நாப்பது வருஷம் அளவெடுத்த கை, தெரியாமப் போகுமா? முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. திட்டணும்னா திட்டிக்கோ. கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டியேன்னு சொன்னேன். அவ முகம் அப்படி மலர்ந்துச்சு. வேற எதுக்கும் அது அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்ல. அதனால மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் சொன்னேன். அப்புறம் எப்போன்னு தெரியல, பயம் வந்துடுச்சு. கேட்டா என்ன சொல்லுவாளோன்னு பயம். எனக்குத் தைக்கத் தெரியும், பேசத் தெரியாது. கேக்க வேண்டியதக் கேக்காம, ஒவ்வொரு தடவையும் பிடிச்சுக் குடுத்துட்டேன்.

— இத ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம்ல?

— எந்த வாயால சொல்ல? என் பொண்டாட்டிய நானே அங்குலம் அங்குலமா தொலைச்சேன்னா?

— அழாதீங்க. துணியில படப்போகுது.

— நீ ரொம்பக் கல்லு ஆயிட்ட.

— ஆகட்டும். இனிமே செய்ய வேண்டியதக் கேட்டுக்கோங்க. மூணு வேளையும் நீங்க அவங்களோட உட்காரணும். அவங்க போட்டு நீங்க சாப்பிடுறது இல்ல. ஒரே மேஜையில, ஒரே நேரத்துல, நீங்களும் சாப்பிடணும். அதட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, இத முடிச்சா அத வாங்கித் தர்றேன்னு பேரம் பேசக் கூடாது. தட்டையே முறைச்சுப் பார்க்கக் கூடாது. முகம் தெளிஞ்சிருக்கு, உடம்பு தேறிடுச்சுன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. அவங்க காதுல அது பெருத்துட்டேன்னுதான் விழும்.

— அப்போ என்னதான் பேசுறது? ஊமைப் படம் மாதிரி உட்கார்ந்திருக்கவா?

— கடைக் கதையச் சொல்லுங்க. ஜிப்பு மாட்டிக்கிட்டு ஒருத்தர் வெளிய வர முடியாம அரை மணி நேரம் திரைக்குப் பின்னாடி நின்னாரே, அதச் சொல்லுங்க.

— அது நிஜமாவே நல்ல கதை. ஆனா மதியம் எப்படி முடியும் பாப்பா? பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. அறுபது செட் யூனிபார்ம் வெட்டுறதுக்கு நிக்குது. நான் எப்பவும் இங்கேயே, மிஷின் பக்கத்துல, ரேடியோவப் போட்டுட்டு சாப்பிட்டுப் பழகினவன். மதியத்துக்கு நீ வாயேன்.

— நான் வர மாட்டேன்.

— ஏன்? பத்து நிமிஷ நடைதானே உன் ஆபீஸ்?

— என்னால முடியாதுப்பா. மேஜையில என்னால உட்கார முடியாது. நீங்கதான் உட்காரணும். இன்னொரு தடவை விழுந்தா இதயம் தாங்காதுன்னு சொன்னாங்களே, அது மட்டும் உங்க காதுல விழலையா? யூனிபார்ம் பத்து நாள் தள்ளிப்போனா பிள்ளைங்க பழசப் போட்டுட்டுப் போகும். அம்மாவுக்குப் பதிலா எடுத்துக்கப் பழசு எங்க இருக்கு?

— சரி.

— என்ன சரி?

— ஒன்றரைக்கு ஷட்டர இறக்கிடுறேன். மூணு வேளையும் வர்றேன். எத்தன மாசத்துக்கு?

— வருஷம்னு வெச்சுக்கோங்க. ஒரு நாள் சாப்பிடுவாங்க. மறுநாள் தட்டத் தள்ளிவிடுவாங்க, உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு கத்துவாங்க. கத்துறது அந்த நோய்னு நினைச்சுக்கிட்டு அப்பவும் உட்காரணும்.

— எனக்குத் திட்டு வாங்கத் தெரியாதா என்ன? நாப்பது வருஷமா வாடிக்கைக்காரங்ககிட்ட வாங்குறேன். அந்த பிளேட இப்படிக் குடு.

— எதுக்கு?

— பிரிக்கத்தான். போட்ட அத்தனை தையலையும் பிரிச்சு விடுறேன். உள்ள துணி அப்படியே இருக்கு. ஒவ்வொரு தடவையும் பிடிச்சேனே தவிர வெட்டல. வெட்ட மனசு வரல.

— அதிகமா விட்டுடாதீங்க. முதல் நாளே பயந்துடுவாங்க.

— தொழில எனக்குச் சொல்லித் தராத. ரெண்டு தையல் வரி மட்டும் பிரிக்கிறேன், மிச்சத்த மெதுவா பார்த்துக்கலாம். ஆனா கடைசியில எங்க போய் நிக்கணும்னு இப்பவே துணியில சாக்குக் கட்டியால ஒரு கோடு போட்டு வெச்சுக்கிறேன். இப்படி வெளிச்சத்துக்கு வா. போன வருஷம் உன் அளவுக்கும் அவளோட பழைய அளவுக்கும் நூல் வித்தியாசம் கிடையாது. உன் மேல வெச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்.

— வேணாம்பா. நோட்டுல எழுதியிருக்கே, அத வெச்சுப் போடுங்க.

— நோட்ட நம்பித்தான் இந்தக் கதி. வா.

— மணி மூணு தாண்டிடுச்சு. அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.

— நிமிஷ வேலை. கையத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஏன் இப்படிக் குறுகுற? அப்பாதானே.

— போதும்பா, விடுங்க.

— இரு. நீ போட்டிருக்கிறது உன் பொறந்தநாளுக்கு நான் தைச்ச சட்டைதானே?

— ஆமா. கைய எடுங்கப்பா.

— பாப்பா, இதுல உள்பக்கம் நாலு வரி ஓடியிருக்கு. ஒண்ணுகூட நான் போட்ட தையல் இல்ல. யார்கிட்ட குடுத்துப் பிடிச்ச?