அவளுக்குத் தெரிந்த பாலம்

பௌத்த ஆண்டு 2554, அக்டோபர் மாதம் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் வானம் தெளிந்திருந்தது. நண்பகலுக்குப் பின் மேகம் ஏறியது. மாலை ஆறு மணிக்குக் காற்றே இல்லாமல் மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வேளையில், மாவட்ட மருத்துவமனையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில் ஒரேயொரு பிக்கப் வண்டிதான் வந்துகொண்டிருந்தது. இரு புறமும் பால் பிடித்த நெற்கதிர்... நடுவே கறுத்த சாலை... வேறு விளக்கொன்றும் இல்லை.

வண்டியை ஓட்டியவர் என் நண்பர் கம்போங். அவருடைய அக்காள் கணவருக்கு நேர்ந்ததையே சொல்லப்போகிறேன். விடியும்வரை இந்தச் சாவு வீட்டில் நாம் விழித்திருந்தாக வேண்டும், சீட்டாட்டமும் அலுத்துவிட்டது. ஆதலால் சற்று நெருங்கி உட்காருங்கள். சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டி மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.

அவர் பெயர் உர்ஸ். சுவிட்சர்லாந்துக்காரர். வெள்ளைக்காரர்களை நாம் ஃபரங் என்று அழைப்பதால், ஊருக்கு அவர் வெறும் ஃபரங்தான். கம்போங்கின் அக்காள் புன்லாயை மணந்து பதினோரு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார். வாத்து வளர்த்தார். நம்மைப் போலவே ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டித் தின்றார். சுட்ட கோழி விற்கும் மாலிவான், பச்சடிக்குப் பப்பாளிக்காயை இடிக்கும்போதெல்லாம் அவரைச் சீண்டுவாள்.

"ஏய் ஃபரங், மொளகா எத்தன போடட்டும்? அழாம சொல்லு!"

"உன் வாயில இருக்குற காரத்துல பாதி போடு, போதும்."

வீடும் வயலும் புன்லாயின் பெயரில் இருந்தன; வெளிநாட்டவர் பெயரில் நிலம் எழுத இயலாது அல்லவா? தங்கும் அனுமதியும் அவளை ஒட்டியதே. ஆண்டுதோறும் அலுவலகத்துக்கு அவளை அழைத்துச் சென்று, அருகில் நிற்கவைத்துக் காட்டி வருவார். "நான் இங்க இருக்கேங்கறதுக்கு இவ ஒருத்திதான் சாட்சி" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அவருக்கு அவள் 'கண்ணு'. அவளுக்கு அவர் 'ஏங்க'. அவ்வளவுதான்.

அந்தப் புன்லாய் தலையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டிதான் அது.

பின்புறத் தட்டில், அவள் தலைமாட்டில், ஊதுபத்தியை ஏந்தியபடி உர்ஸ் உட்கார்ந்திருந்தார். செய்ய வேண்டியதைக் கம்போங் முன்பே சொல்லியிருந்தார். "ஒவ்வொரு பாலத்துலயும், ஒவ்வொரு திருப்பத்துலயும் அவகிட்ட சொல்லிக்கிட்டே வரணும் மச்சான். சொல்லலன்னா அவ அங்கயே நின்னுடுவா."

உர்ஸ் வழுவாமல் சொல்லிவந்தார். "பாலம் வருது கண்ணு... தாண்டிக்கோ." "எடது பக்கம் திரும்புறோம் கண்ணு... வா." பின் சன்னல் வழியாக அந்தக் குரல் கம்போங்குக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியாக வந்தது நம் ஊர் ஓடைப் பாலம்.

அங்கே குரல் கேட்கவில்லை.

இயந்திர இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்று கம்போங் எண்ணிக்கொண்டார். ஊதுபத்தி அணைந்திருந்தது. தூறல் பட்டு அணைந்ததென்று உர்ஸ் எண்ணிக்கொண்டார்...

வீட்டில் பெட்டியை வைத்தார்கள். வேளைதோறும் சோறு படைத்து, பெட்டியைத் தட்டி, இறந்தவளைச் சாப்பிட அழைக்கும் பொறுப்பை, ஊரே பெரியம்மா என்று அழைக்கும் தோங்யுன் ஏற்றுக்கொண்டார். முதல் முறை தட்டியதுமே அவர் கை நின்றுவிட்டது. உள்ளே ஆளிருக்கும் பெட்டி 'தொப்' என்று ஒலிக்கும். இதுவோ, காலிப் பானையைப் போல 'டொங்'... என்றது. மூடியைத் திறந்து பார்த்தார். புன்லாய் உள்ளேதான் படுத்திருந்தாள். மூடினார். மறுபடியும் தட்டினார்.

டொங்.

மறுநாள் புதன்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் மாலிவான் கோழி வண்டியை வாசலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள். அன்று அவள் யாரையும் சீண்டவில்லை.

"பெரியம்மா... பாலத்துல புன்லாய் நிக்கிறா."

"எந்தப் புன்லாய்டி?"

"நம்ம புன்லாய்தான். கையில ஆஸ்பத்திரி பட்டை கூட இருக்கு. என்னைய அவ பாக்கவே இல்ல... ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா. 'எங்க வீட்டுக்காரர் வண்டி போயிடுச்சா அக்கா?'ன்னு கேட்டா. நான் திரும்பாம வந்துட்டேன்."

பெரியம்மா உர்ஸைப் பார்த்தார். "எந்தப் பாலத்துல சொல்லாம விட்ட?"

"நம்ம பாலத்துல... அவ நீச்சல் பழகுன எடம் அது. எனக்கு எறா பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே அங்கதான். அவளுக்குப் போயி நான் வழி சொல்றதான்னு..."

"செத்தவங்களுக்குச் சொந்த ஊருன்னு எதுவும் கெடையாதுடா. நீ இங்க வந்து எறங்குன அன்னிக்கு எப்படி முழிச்சிக்கிட்டு நின்ன? அப்படித்தான் அவ இப்ப நிக்கிறா."

தகனம் வியாழன் மாலை நான்கு மணிக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. தீ பற்றும்போது இறந்தவள் தன் உடலருகே இருந்தாக வேண்டும். இல்லையெனில் தான் இறந்ததையே அவள் அறியமாட்டாள். திரும்பிவர உடலும் இராது. நின்ற இடத்திலேயே நிற்பாள். எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள். அதற்குக் கணக்கில்லை.

"இருட்டுல போவாதீங்க. அங்க அவ மட்டும் நிக்க மாட்டா" என்றார் பெரியம்மா.

எனவே வியாழனன்று, துறவியர் உணவருந்தி எழுந்த பிறகு, உர்ஸும் கம்போங்கும் பிக்கப்பில் பாலத்துக்குச் சென்றார்கள். ஓடையில் வெள்ளம். நீர் பாலத்தின் அடிவயிற்றை உரசியபடி, சளக்... சளக்... என்று ஓடியது. உர்ஸ் ஊதுபத்தியைக் கொளுத்தி, மனைவியின் கைலியைப் பின்தட்டில் விரித்தார். சொல்ல முடிந்தது இவ்வளவே:

"வா கண்ணு... வீட்டுக்குப் போலாம்."

வண்டியின் பின்புறம் 'க்ரீச்' என்று ஒருமுறை தாழ்ந்தது.

உர்ஸ் அழுதுகொண்டே சிரித்தார். "ஏறிட்டா! மாப்ள, ஏறிட்டா! வண்டிய எடு!"

கம்போங் கியரைப் போட்டார். அப்போது மீண்டும்... க்ரீச். சற்றுப் பொறுத்து, மீண்டும். அதன் பிறகு எண்ணுவதற்கு அவருக்குத் துணிவில்லை. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியைப் போல, அந்த வெற்று வண்டி மேட்டில் திணறி ஏறியது. இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி, இருவரும் பார்க்கவில்லை. உர்ஸ் மட்டும் ஒவ்வொரு திருப்பத்தையும் அன்போடு சொல்லிக்கொண்டே வந்தார்.

வாசலில் நின்று, "வீடு வந்துடுச்சு கண்ணு, எறங்கு" என்றார். வண்டி சிறிது உயர்ந்தது. பின்னர் மேலும் சிறிது... பின்னர் மேலும்... ஈரப் பாதங்கள் மரப்படியில் ஏறும் ஓசை, வரிசையாக, நெடுநேரம் கேட்டது. புன்லாய் எப்போதும் பூசிக்கொள்ளும் கற்பூரத் தைலத்தின் மணம் வரும் என்று உர்ஸ் மூச்சை இழுத்தார். வந்தது பாசி நாற்றம். துருப்பிடித்த இரும்பு. ஆண்டுக்கணக்கில் ஊறிய சேறு.

பெரியம்மா படியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியா?"

உர்ஸ் இல்லையென்று தலையசைத்தார்.

"ஒடம்பு பக்கத்துல கெடந்தப்போ நீ கண்ணுன்னா அவளுக்குத் தெரியும். வெறும் பாலத்துல நின்னுக்கிட்டு கண்ணுன்னு கூப்பிட்டா... அங்க முழுகுனவன், வண்டியோட விழுந்தவன், கூப்பிட நாதியில்லாதவன் எல்லாம்தான் வருவான். இத்தன பேர வீட்டுக்குள்ள விட்டுட்டியேடா!"

உள்ளே போய்ப் பெட்டியைத் தட்டினார். டொங்.

"ஒரு நாள் தள்ளி வையுங்க சாமி" என்று உர்ஸ் தலைமைத் துறவியின் காலில் விழுந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் நாம் எரிப்பதில்லை; எரித்தால் ஊரில் இன்னொரு உயிரையும் இழுத்துச் செல்லும். "சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா, நீ கூட்டியாந்ததுல ஒண்ணு அந்த ஒடம்புக்குள்ள பூந்துக்கும்" என்றார் பெரியம்மா. துறவி, "நாலு மணி வரைக்கும்தான்" என்றார்.

பிக்கப்பில் பெட்டி ஏறியாயிற்று. ஆகவே உர்ஸ், மனைவியின் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி விரைந்தார். "நான் வராம மூடிடாதீங்க மாப்ள!" என்று தெருமுனையிலிருந்து கத்தினார்.

கோயிலில் ஊரார் ஒவ்வொருவராக மரச்சீவலால் செய்த பூவைப் பெட்டியின் மீது வைத்து இறங்கினர். நான்கு அடித்தது. துறவி சாலையைப் பார்த்தார். கம்போங் சாலையைப் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்ததேயன்றி, சாலையில் யாரும் வரவில்லை. பெட்டியைத் தகன அறைக்குள் தள்ளினார்கள். இரும்புக் கதவு விழுந்தது. வெடிச் சரம் பொரிந்தது. புகைபோக்கியிலிருந்து முதற் புகை எழுந்தது... கறுப்பாக, நேராக.

அப்போதுதான் கம்போங்கின் கைப்பேசி ஒலித்தது.

"மாப்ள! முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். வந்துட்டா! பின்னாடிதான் உக்காந்திருக்கா. தைலம் வாசனை வருது மாப்ள, அவளேதான்! வயலோரமா வந்துட்டிருக்கோம். நெருப்பு வெச்சிடாதீங்க... இன்னும் கொஞ்சம்தான்..."

கம்போங் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கைப்பேசியில் மிதிவண்டிச் சங்கிலி கிறீச்சிட்டது. உர்ஸின் மூச்சிரைப்பு கேட்டது. அதற்கும் பின்னாலிருந்து, மிக அருகில், கம்போங்குடைய அக்காளின் குரல் கேட்டது.

"ஏங்க... கோயில்ல பொகை வருதே. நம்ம ஊருல யாரு செத்துட்டாங்க?"

மிதிவண்டி நின்ற ஓசை கேட்டது. பின்னர் மழையோசை மட்டும்... பின்னர் அதுவும் இல்லை.

உர்ஸிடமிருந்து வந்த கடைசி அழைப்பான அது முடிந்த நேரத்தைக் கம்போங் இன்றளவும் கைப்பேசியிலிருந்து அழிக்கவில்லை. வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.