ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

சபையை நடத்தித் தரும் ஊர்ப் பெரியவர்களுக்கும், பரளச்சி அம்மன் கோயில் வழிபாட்டு மன்றத்துத் தாய்மார்களுக்கும், பாளையம்பட்டியிலிருந்து வந்திருக்கும் டீச்சர் வீட்டாருக்கும் வணக்கம். மன்றத்தின் வரவு செலவை எழுதுகிறவள் நான். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனாலும் நம்மை விட்டு மறைந்த கணித ஆசிரியை சுகந்தி டீச்சரைப் பற்றி இந்த இரங்கல் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு எண் போதும்.

நம் ஆடித் திருவிளக்குப் பூஜைக்கு ஆயிரத்து எட்டு விளக்கு. இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு பேர். ஒரு விளக்கும் தனியாக நிற்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஆயிரத்து எட்டு இணக்கமான எண். அதற்கு முப்பது காரணிகள். எப்படி வேண்டுமானாலும் வரிசை கட்டலாம்.

போன வருஷம் ராமலட்சுமி விளக்கோடு வந்து நின்றாள். கணவனை இழந்தவள். அவளைச் சேர்த்தால் ஆயிரத்து ஒன்பது. செயலாளர் முத்துராஜ் அண்ணாச்சி செல்போனில் வகுத்துப் பார்த்தார். ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதிலும் ஒன்றாவது மிஞ்சியது.

“இது பகா எண்ணு டீச்சர். எதுக்கும் மசியாது. கணக்கே வேண்டாங்குது, நான் என்ன செய்ய?”

அவர் மறுத்தது எண்ணையா, ராமலட்சுமியையா? எல்லாருக்கும் தெரியும்.

டீச்சர் கோபப்படவில்லை. “வகுபடாட்டி என்ன அண்ணாச்சி, உக்கார வைக்க முடியாதுன்னு யாரு சொன்னா? பகா எண்ண நாலால வகுங்க. ஒண்ணு மிஞ்சுச்சுன்னா ரெண்டு சதுரமாப் பிரியும்.”

இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு ஒரு சதுரம். பதினைந்துக்குப் பதினைந்து இன்னொன்று. எழுநூற்று எண்பத்து நான்கும் இருநூற்று இருபத்தைந்தும் ஆயிரத்து ஒன்பது. ஒருவரும் மிஞ்சவில்லை. சின்னச் சதுரம் ஒதுக்கிவைத்த இடமாகிவிடும் என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. தன் விளக்கோடு அங்கே போய் உட்கார்ந்தார். “மதினி, இங்கிட்டு வாங்க. இங்கன காத்து நல்லா வருது” என்று அண்ணாச்சியின் மனைவியையும் பக்கத்தில் இருத்தினார். ராமலட்சுமி நடுவில் திரி ஏற்றினாள். மழை வந்து விளக்கை அணைக்கவும் இல்லை, குற்றம் நேரவும் இல்லை. பூஜை நடந்தது.

இந்த ஆடிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் ஆயிரத்துப் பத்தொன்பது பேர். நேற்று அண்ணாச்சி சொன்னார்: “டீச்சரும் போயிட்டாக. பதினோரு பேரக் குறைச்சு, பழையபடி ஆயிரத்து எட்டோட நிப்பாட்டிருவோம் தங்கச்சி.”

எந்தப் பதினோரு பேர்? ராமலட்சுமியும் அவளைப் போலக் கணவனை இழந்தவர்களும் என்று கேட்காமலே தெரியும். அந்தப் பெயர்களை எழுதியவள் நான்தான்.

ஆயிரத்துப் பத்தொன்பதும் பகா எண். நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சுகிறது. இரண்டு சதுரத்துக்குள் வராது. ஆனால் எந்த முழு எண்ணும் நான்கு சதுரத்துக்குள் அடங்கிவிடும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான்குகூட வேண்டியதில்லை, மூன்றே போதும். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று, ஏழுக்கு ஏழு, மூன்றுக்கு மூன்று.

டீச்சருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதான். பெயர் கொடுத்த ஒருத்தியையும் எழுப்பி அனுப்ப மாட்டோம். அண்ணாச்சி, கோலமாவு மட்டும் வாங்கி வையுங்கள். சதுரத்தை நான் போடுகிறேன். மூன்றுக்கு மூன்றில் என் விளக்கு இருக்கும்.