அம்மாவுக்கு ஏற்ற வெப்மெயில்

வெப்மெயில் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அழகைப் பார்ப்பார்கள். நான் எழுத்தின் அளவைப் பார்த்தேன். அம்மாவுக்குக் காது சுத்தமாகப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. போனில் பேச முடியாதவளுக்கு மெயில்தான் வழி. அதனால் செருப்பு அலமாரி மேல் ஒரு பழைய கணினியை வைத்து, நம் வீட்டுக்கென்று ஒரு மெயில் சர்வரை நானே அமைத்தேன். பத்து அலுவலகங்களின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

தம்பி, நீ நேற்றுக் கேட்டதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள், முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

கடைசியில் மெயில் படிக்க இரண்டு மென்பொருள்கள் தேறின. முதலாவது, இடது ஓரத்தில் எல்லா ஃபோல்டர்களையும் காட்டும். எதையும் மறைக்கத் தெரியாத வெகுளி. இரண்டாவது, நாம் டிக் செய்த ஃபோல்டர்களை மட்டும் காட்டும். மற்றவை சர்வரில் பத்திரமாக இருக்கும், கண்ணில் படாது. ஒரு வாரம் இரண்டையும் அக்கறையாக ஓட்டிப் பார்த்தேன். முதலாவதில்தான் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவதைப் போட்டேன்.

அந்த வாரத்தில்தான் உன் முதல் மெயில் வந்தது. நீ சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். "மொதல்ல அவன் ஒரு வார்த்தை எழுதட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று அம்மா வீம்பாக இருந்தாள். நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். "தப்பு என்னோடதுதாம்மா. இங்க வீடு பார்த்துட்டேன், உனக்குத் தனி ரூம். வந்து கூட்டிட்டுப் போறேன். அண்ணனும் எத்தனை நாள்தான் ஒத்தையா கஷ்டப்படுவாரு?"

உனக்கு நல்ல மனசுதான். ஆனால் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, நகம் வெட்டிவிட்டு, தாளில் எழுதி எழுதிப் பேசியவன் நான். அப்படியும் வாசல் கதவு அசைந்தால் "சின்னவனா?" என்றுதான் கேட்பாள். ஒரு நாளாவது "பெரியவனே, சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தால்... சரி, அதை விடு. எனக்கு வயிறு எரிந்தது. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருந்தார்கள்?

உன் மெயில் வந்தால் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி விதி எழுதினேன். அந்த ஃபோல்டருக்கு டிக் போடவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. நீ போன் செய்து, "அம்மா படிச்சாங்களா அண்ணா?" என்று கேட்பாய். "படிச்சாங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. இப்ப வராதே, பிரஷர் ஏறிடும்" என்பேன். நீயும் நம்பினாய்.

அம்மா தினமும் குளித்துவிட்டு வந்து கணினி முன்னால் உட்காருவாள். மின்கட்டண அறிவிப்பு, துணிக்கடை விளம்பரம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பாள். கடைசியில், "சின்னவன்கிட்டேர்ந்து ஒண்ணும் இல்ல" என்பாள். "வரும்" என்று தாளில் எழுதிக் காட்டுவேன்.

போன மாதம் அவளே இறங்கி வந்தாள். ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டினாள். 'நீ எழுதலேன்னா பரவாயில்ல கண்ணு, வந்துடு.' அனுப்பத் தெரியவில்லை. "இது போச்சா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அனுப்பாமலே வரைவில் நின்றிருந்தது. போய்விட்டது என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்த நாற்காலியைவிட்டு அவள் அதிகம் எழவில்லை. தட்டில் போட்ட சோறு பக்கத்திலேயே ஆறிக் கிடக்கும். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த நாற்காலியிலேயே போய்விட்டாள். அப்போதுதான் உன்னை வரச் சொன்னேன்.

நேற்று நீ அவளுடைய மெயில் பெட்டியைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய் அந்த டிக்கைப் போட்டாய். நாற்பத்து மூன்று மெயில்களும் தடித்த எழுத்தில், படிக்காதவையாக வந்து நின்றன. "இத யாருமே படிக்கலையா?" என்று மட்டும் கேட்டாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போனேன்.

படித்தேன். ஒவ்வொன்றையும், வந்த அன்றே. நான் செய்தது கொலைக்குச் சமம் என்று எனக்குத் தெரியும்; அதை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை தம்பி. படித்து முடித்ததும் 'படிக்காதது' என்று திரும்பக் குறித்து வைத்துவிடுவேன். அம்மாவுக்கு வந்த கடிதம், முதலில் அவள்தானே பிரிக்க வேண்டும்.